இரண்டோடு நிறுத்துவது எப்படி?

மீன் கழுவும்போது சில வீடுகளில் புளித் தண்ணீர் ஊற்றுவார்கள், சில வீடுகளில் எலுமிச்சம்பழம் பிழிவார்கள். ஏன் என்று கேட்டால் "கவுச்சி போறதுக்கு" என்று பதில் வரும். சரியான பதில்தான். அந்தக் கவுச்சிக்கு வேதியியலில் அமீன் என்று பெயர். மீன் செத்த பிறகு அதன் உடம்பில் இருக்கும் ஒரு பொருளை பாக்டீரியாக்கள் டிரைமெத்தில் அமீன் என்ற வாயுவாக மாற்றுகின்றன. அமீன் ஒரு காரம். புளியில் உள்ள அமிலத்தோடு சேர்ந்ததும் உப்பாகிவிடும். உப்பு ஆவியாகாது, ஆவியாகாதது மூக்குக்கு வராது. அவ்வளவுதான் சமாச்சாரம்.

அமீன் மீனோடு முடிந்துவிடுவதில்லை. தாத்தா ரத்த அழுத்தத்துக்குப் போடும் அட்டெனலால், மெட்டொப்ரலால் மாத்திரைகள் அமீன்தான். ஆஸ்துமாக்காரர்கள் இழுக்கும் இன்ஹேலரில் உள்ள சால்பூட்டமாலும் அமீன். மன அழுத்தத்துக்குத் தரப்படும் செர்ட்ராலினும் அமீன். இதில் ஒரு ஒற்றுமை உண்டு. இந்த நான்குமே "ஈரிணைய அமீன்" என்ற ஒரே வகையைச் சேர்ந்தவை.

இந்த வகையைச் சுத்தமாகத் தயாரிப்பது 1850 முதல் வேதியியலாளர்களுக்கு ஒரு தலைவலி. அந்தத் தலைவலி 2018-ல் ஆய்வுக்கூடத்தை விட்டு வெளியே வந்து உலகம் முழுக்க மருந்து டப்பாக்களுக்குள் எட்டிப் பார்த்தது. அந்தக் கதைதான் இது.

அதென்ன ஈரிணைய அமீன்?

பிளஸ் டூவில் சயின்ஸ் குரூப் எடுத்தவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். மற்றவர்களுக்கு: அம்மோனியாவில் ஒரு நைட்ரஜன், அதோடு மூன்று ஹைட்ரஜன். மூன்று நாற்காலி போட்ட ஒரு மேஜை என்று வைத்துக்கொள்ளலாம். மூன்றிலும் ஹைட்ரஜன் உட்கார்ந்திருக்கிறது. ஒரு ஹைட்ரஜனை எழுப்பிவிட்டு அங்கே கார்பன் கூட்டம் ஒன்றை உட்காரவைத்தால் ஓரிணைய அமீன். இரண்டு ஹைட்ரஜனை எழுப்பினால் ஈரிணைய அமீன். மூன்றையும் எழுப்பினால் மூவிணைய அமீன். அதோடும் விடுவதில்லை. நைட்ரஜனிடம் ஒரு ஜோடி எலக்ட்ரான் சும்மா இருக்கிறது. அதைக் கொடுத்து நான்காவதாக ஒருவரையும் சேர்த்துக்கொள்ளும். அதற்குப் பெயர் நான்கிணைய உப்பு.

ஆக, ஈரிணைய அமீனில் இரண்டு கார்பன் கூட்டமும் ஒரே ஒரு ஹைட்ரஜனும் இருக்கும். அந்த ஒற்றை ஹைட்ரஜனை ஞாபகம் வைத்துக்கொள்வது நல்லது. கடைசியில் வில்லங்கமே அதனால்தான்.

ஹாஃப்மனின் கலவை

1849-ல் பாரீஸில் வூர்ட்ஸ் என்பவர் மெத்தில் அமீனையும் எத்தில் அமீனையும் கண்டுபிடித்தார். அடுத்த வருடமே லண்டனில் ராயல் வேதியியல் கல்லூரியை நடத்திக்கொண்டிருந்த ஜெர்மானியர் ஹாஃப்மன் இன்னும் ஒரு படி மேலே போனார். அம்மோனியாவோடு எத்தில் ஹாலைடைச் சேர்த்துச் சூடாக்கி, அம்மோனியாவின் மூன்று ஹைட்ரஜன்களையும் ஒவ்வொன்றாக மாற்ற முடியும் என்று காட்டினார். அணுக்களைப் பற்றிய கருத்தே இழுபறியாக இருந்த காலம் அது. (இதே ஹாஃப்மன்தான் 1865-ல் குரோக்கே விளையாட்டுப் பந்துகளைக் கம்பியில் கோத்து மூலக்கூறு மாதிரிகள் செய்து மேடையில் காட்டியவர். கார்பனுக்குக் கறுப்பு, ஆக்சிஜனுக்குச் சிவப்பு, நைட்ரஜனுக்கு நீலம் என்று வகுப்பறைகளில் இன்றும் இருக்கும் வண்ணங்கள் அவர் வைத்தவை.)

தத்துவமாக அது பெரிய வெற்றி. தயாரிப்பு முறையாகப் பார்த்தால் தொல்லை. ஏனென்றால் பாத்திரத்தில் கிடைப்பது ஒரு பொருள் இல்லை. ஓரிணையம், ஈரிணையம், மூவிணையம், நான்கிணைய உப்பு என்று எல்லாம் கலந்த கதம்பம். கொஞ்சம் அம்மோனியாவும் மிச்சம் இருக்கும்.

ஏன் இப்படி? காமர்ஸ் ஆட்களுக்குக் குறைந்து செல் இறுதிநிலைப் பயன்பாட்டு விதி தெரியும். முதல் மாம்பழம் தரும் திருப்தியை மூன்றாவது மாம்பழம் தராது. நைட்ரஜன் இந்த விதிக்கு நேர் எதிர். கார்பன் கூட்டம் ஒன்று வந்து உட்கார்ந்ததும் அது நைட்ரஜன் பக்கம் எலக்ட்ரானைத் தள்ளிவிடுகிறது. நைட்ரஜனின் வேகம் கூடுகிறது. அதாவது முதல் படியில் உருவான பொருள், ஆரம்பித்த பொருளைவிடச் சுறுசுறுப்பானது. சாப்பிடச் சாப்பிடப் பசி அதிகமாகிற ஆள். அவனை இரண்டாவது கவளத்தோடு பந்தியிலிருந்து எழுப்ப வேண்டும். ஈரிணைய அமீன் தயாரிக்கும் முறைகள் எல்லாமே இந்த ஒரு கேள்விக்கான பதில்கள்தான்: எப்படி இரண்டோடு நிறுத்துவது?

வழி 1: கூட்டமும் குண்டும்

முதல் பதில் கொஞ்சம் முரட்டுத்தனமானது. ஓரிணைய அமீனை அளவுக்கு மேல் பத்து மடங்கு கொட்டிவிடுவது. ஹாலைடு மூலக்கூறு எந்தப் பக்கம் திரும்பினாலும் ஓரிணைய அமீன்தான் எதிரே நிற்கும். புதிதாக உருவான ஈரிணைய அமீனைச் சந்திக்கும் வாய்ப்பு குறைவு. வேலை முடிந்ததும் மிச்சத்தைக் காய்ச்சி வடித்துத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். அமீன் விலை மலிவாகவும் சுலபமாக ஆவியாகக் கூடியதாகவும் இருந்தால் இந்தக் கணக்கு கட்டுப்படியாகும். இல்லாவிட்டால் நஷ்டம்.

இதே வழியில் இன்னொரு தந்திரமும் உண்டு. நைட்ரஜன் மேல் உட்காருகிற ஆள் குண்டாக இருந்தால் அடுத்தவருக்கு இடம் இருக்காது. பீட்டா பிளாக்கர் வகை மருந்துகளின் முன்னோடியான ப்ரொப்ரனலால் இப்படித்தான் உருவாகிறது. இதயத் துடிப்பை அடக்கும் இந்த மருந்தை 1960-களில் இங்கிலாந்தில் உருவாக்கிய ஜேம்ஸ் பிளாக்குக்கு 1988-ல் நோபல் பரிசு கிடைத்தது. நாஃப்தாலும் எபிகுளோரோஹைட்ரினும் சேர்ந்து எபாக்சைடு என்ற மூன்று முனை வளையம் கொண்ட பொருள் உருவாகும். அந்த வளையம் எப்போதும் இழுத்துக் கட்டிய ரப்பர் பேண்ட் மாதிரி விறைப்பாக இருக்கும். ஐசோபுரொப்பைல் அமீன் தொட்டதும் திறந்துகொள்ளும். திறந்த பிறகு நைட்ரஜனின் ஒரு பக்கம் கிளை விட்ட ஐசோபுரொப்பைல், மறு பக்கம் நீளமான சங்கிலி. இன்னொரு எபாக்சைடு கிட்டே வர இடமில்லை. வினை கிட்டத்தட்டத் தானாகவே நின்றுவிடுகிறது. அட்டெனலால், மெட்டொப்ரலால் இரண்டிலும் இதே ஐசோபுரொப்பைல் வாலைப் பார்க்கலாம்.

வழி 2: இமின் வழியாக ஒரு சுற்று

நேராகப் போனால் நிற்க முடியவில்லை என்றால் சுற்றிப் போகலாம். இன்று மருந்து ஆய்வுக்கூடங்களில் அதிகம் கையாளப்படும் வழிகளில் ஒன்று இந்தச் சுற்றுவழி.

ஓரிணைய அமீனோடு ஹாலைடுக்குப் பதில் ஆல்டிஹைடோ கீட்டோனோ சேர்த்தால் ஒரு மூலக்கூறு தண்ணீர் வெளியேறி, கார்பனுக்கும் நைட்ரஜனுக்கும் இடையே இரட்டைப் பிணைப்பு உண்டாகும். இதற்கு இமின் என்று பெயர். 1864-ல் ஹூகோ ஷிஃப் இதைக் கண்டுபிடித்தார். ஒரு ஆல்டிஹைடுக்கு ஒரு அமீன், அதோடு ஆல்டிஹைடு தீர்ந்துபோகிறது. அப்புறம் அந்த இரட்டைப் பிணைப்பின் மேல் ஹைட்ரஜனை ஏற்றினால் ஈரிணைய அமீன் கையில். அதிகப்படியாகச் சேர்வதற்குப் பாத்திரத்தில் ஆளே இல்லை.

ஹைட்ரஜனை ஏற்றுவது யார் என்பதில்தான் ஆராய்ச்சி நடந்தது. 1971-ல் ரிச்சர்ட் போர்ச் குழுவினர் சோடியம் சயனோபோரோஹைட்ரைடைப் பயன்படுத்தினார்கள். இது கொஞ்சம் சோம்பேறியான ஒடுக்கி. லேசான அமிலத்தில் ஆல்டிஹைடைத் தொடாது, இமினை மட்டும் தொடும். அதனால் ஆல்டிஹைடு, அமீன், ஒடுக்கி மூன்றையும் ஒரே பாத்திரத்தில் போட்டுவிடலாம். ஆனால் பெயரிலேயே சயனைடு இருக்கிறது. கழிவை எங்கே கொட்டுவது? 1996-ல் அப்தெல்-மகீத் குழுவினர் சோடியம் டிரைஅசிடாக்ஸிபோரோஹைட்ரைடை வைத்து விரிவான வேலை ஒன்றை வெளியிட்டார்கள். பெயர் வாயில் நுழையாவிட்டாலும் சயனைடு தொல்லை இல்லை. :-)

ஃபார்மால்டிஹைடு மட்டும் இந்தக் கட்டுப்பாட்டுக்கு அடங்காது. ரொம்பச் சின்ன மூலக்கூறு, எந்தச் சந்திலும் நுழைந்துவிடும். ஈரிணையத்தைத் தாண்டி மூவிணையத்தில்தான் போய் நிற்கும். எஷ்வைலர்-கிளார்க் வினை என்று அதற்குத் தனிப் பெயரே இருக்கிறது.

இந்த வழியில் செர்ட்ராலின் கதை காமர்ஸ்காரர்கள் அவசியம் படிக்க வேண்டியது. ஒரு கீட்டோனும் மெத்தில் அமீனும் சேர்ந்து இமின் ஆவது அதில் முக்கியமான படி. இது முன்னும் பின்னும் போகிற வினை. வெளியேறும் தண்ணீரை அகற்றாவிட்டால் இமின் மறுபடி உடைந்துவிடும். தண்ணீரை உறிஞ்சுவதற்காகப் பழைய முறையில் டைட்டானியம் டெட்ராகுளோரைடு போட்டார்கள். அரிக்கிற, புகைகிற சரக்கு. ஃபைசர் நிறுவனத்தின் ஆட்கள் கரைப்பானை எத்தனாலுக்கு மாற்றினார்கள். அதில் இமின் சரியாகக் கரையாது. உருவாக உருவாகப் படிகமாகக் கீழே இறங்கிவிடும். கீழே இறங்கியது திரும்பிப் போகாது. தண்ணீரை விரட்டவே தேவையில்லாமல் போயிற்று! மூன்று படிகள் ஒரே படியாயின. வருடத்துக்கு 140 டன் டைட்டானியம் டெட்ராகுளோரைடு மிச்சம். ஒரு டன் செர்ட்ராலினுக்கு 60,000 காலன் கரைப்பான் செலவான இடத்தில் 6,000 காலன் போதுமானது. 2002-ல் அமெரிக்காவின் அதிபர் பெயரிலான பசுமை வேதியியல் விருது இதற்குக் கிடைத்தது. சுற்றுச்சூழலும் லாபமும் ஒரே பக்கம் நிற்கிற அபூர்வமான இடம்.

வழி 3: பூட்டுப் போட்டுத் திறப்பது

மூன்றாவது பதில், நைட்ரஜனின் பசியையே தற்காலிகமாக அடக்குவது.

எளிமையான பூட்டு அமைடு. ஓரிணைய அமீனோடு அமிலக் குளோரைடைச் சேர்த்தால் அமைடு கிடைக்கும். அதில் நைட்ரஜனின் எலக்ட்ரான் ஜோடியைப் பக்கத்து ஆக்சிஜன் தன் பக்கம் இழுத்துக்கொள்வதால் நைட்ரஜன் மந்தமாகிவிடும். அடுத்த ஆளைச் சேர்க்காது. பிறகு லித்தியம் அலுமினியம் ஹைட்ரைடு கொண்டு ஆக்சிஜனை நீக்கினால் ஈரிணைய அமீன். ஆய்வுக்கூடத்தில் அருமையான முறை. ஆனால் இந்த ஹைட்ரைடில் தண்ணீர் பட்டால் தீப்பிடிக்கும். டன் கணக்கில் தயாரிக்கும் தொழிற்சாலைக்காரர் கொஞ்சம் யோசிப்பார்.

இன்னொரு பூட்டு பிளஸ் டூ புத்தகத்திலேயே ஒளிந்திருக்கிறது. ஓரிணைய, ஈரிணைய, மூவிணைய அமீன்களை வேறுபடுத்த ஹின்ஸ்பெர்க் சோதனை என்று ஐந்து மதிப்பெண்ணுக்கு மனப்பாடம் செய்வார்களே, அதேதான். 1890-ல் ஆஸ்கர் ஹின்ஸ்பெர்க் சொன்னது: பென்சீன் சல்ஃபோனைல் குளோரைடோடு ஓரிணைய அமீன் சேர்ந்தால் வருகிற பொருள் காரக் கரைசலில் கரையும். ஏனென்றால் அதில் மிச்சமிருக்கும் ஒரு ஹைட்ரஜனை சல்ஃபோனைல் கூட்டம் அமிலத்தன்மை உள்ளதாக மாற்றிவிடுகிறது. ஈரிணைய அமீனிலிருந்து வருவதில் அந்த ஹைட்ரஜன் இல்லை, கரையாது.

மதிப்பெண் வாங்கியதோடு மறந்துபோகிற இந்த விஷயத்தில் ஒரு தயாரிப்பு முறை அடங்கியிருக்கிறது. மிச்சமிருக்கும் அந்த ஒரே ஹைட்ரஜனைக் காரம் போட்டு எடுத்துவிட்டு அங்கே ஒரு கார்பன் கூட்டத்தை உட்காரவைக்கலாம். ஒன்றுதான் உட்கார முடியும், இரண்டாவதற்கு நாற்காலி கிடையாது. பிறகு சல்ஃபோனைலைக் கழற்றினால் சுத்தமான ஈரிணைய அமீன். கழற்றுவதுதான் பாடு. அந்தப் பூட்டு அவ்வளவு இறுக்கம். 1995-ல் ஜப்பானியரான ஃபுகுயாமாவும் அவரது சகாக்களும் அதே பென்சீன் வளையத்தில் ஒரு நைட்ரோ கூட்டத்தைச் சேர்த்தார்கள். இப்போது தயோஃபீனாலும் லேசான காரமும் போட்டால் அறை வெப்பத்திலேயே பூட்டு திறந்துகொள்ளும். நூறு வருடமாகப் பூட்டு இருந்தது, சாவி பின்னால் வந்தது.

வழி 4: உலோகத்தின் உதவி

பென்சீன் வளையத்தில் நேரடியாக நைட்ரஜனை ஒட்டுவது வேறு விதமான கஷ்டம். 1903-ல் உல்மன் செம்பைப் பயன்படுத்திக் கடும் சூட்டில் செய்தார். 1906-ல் இர்மா கோல்ட்பெர்க் என்ற பெண் விஞ்ஞானி செம்பை வினையூக்கியாகச் சிறிதளவே போட்டுச் செய்யும் வழியைக் காட்டினார். 1994, 1995-ல் புக்வால்ட், ஹார்ட்விக் என்ற இரு அமெரிக்கர்கள் தனித்தனியாகப் பல்லேடியத்தை வைத்து இதை மென்மையான வினையாக மாற்றினார்கள். பல்லேடியம் விலை உயர்ந்த உலோகம் என்றாலும் துளியூண்டு போதும்.

ஆல்கஹாலையே நேராகப் பயன்படுத்தும் வழியும் உண்டு. வினையூக்கி ஆல்கஹாலிடமிருந்து ஹைட்ரஜனைக் கடன் வாங்கும். ஆல்கஹால் ஆல்டிஹைடாகி, இமினாகும். உடனே வினையூக்கி வாங்கிய ஹைட்ரஜனை இமினிடம் திருப்பிக் கொடுத்துவிடும். அசல் திரும்பி வந்துவிட்டது, வட்டியும் இல்லை. கழிவு வெறும் தண்ணீர். வேதியியலிலேயே இதற்குக் "கடன் வாங்கிய ஹைட்ரஜன்" என்றுதான் பெயர்.

தொழிற்சாலைக் கணக்கு

எல்லா ஈரிணைய அமீன்களிலும் மிகச் சிறியது டைமெத்தில் அமீன். இரண்டு மெத்தில், ஒரு ஹைட்ரஜன். இதை டன் கணக்கில் தயாரிக்கும்போது பூட்டு, சாவி எதற்கும் நேரமில்லை. மெத்தனாலையும் அம்மோனியாவையும் சுமார் 400 டிகிரியில் வினையூக்கியின் மேல் விடுவார்கள். ஹாஃப்மனின் பழைய கதம்பமேதான் கிடைக்கும். மூன்று அமீன்களும் சேர்ந்து வெளியே வரும்.

காஸ்ட் அக்கவுண்டிங்கில் கூட்டுப் பொருள் என்று ஒரு பாடம் இருக்கிறதே, அதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. சந்தைக்கு அதிகம் தேவைப்படுவது டைமெத்தில் அமீன். இயற்கைச் சமநிலை அதிகம் தர விரும்புவது டிரைமெத்தில் அமீன், அதாவது மீன் கவுச்சி. பிரிப்பதும் சுலபமில்லை. மெத்தில் அமீன் மைனஸ் 6 டிகிரியிலும், டிரைமெத்தில் அமீன் 3 டிகிரியிலும், டைமெத்தில் அமீன் 7 டிகிரியிலும் கொதிக்கும். எல்லாம் பக்கத்துப் பக்கத்து வீடு. வரிசையாகக் கோபுரங்கள் கட்டிப் பிரித்து, வேண்டாததைத் திரும்ப உலைக்குள் அனுப்புவார்கள். 1980-களில் ஜப்பானில் ஜியோலைட் என்ற துளைகள் நிறைந்த கனிமத்தை வினையூக்கியாகக் கொண்டுவந்தார்கள். அதன் துளைகள் டைமெத்தில் அமீன் நுழைந்து வரும் அளவுதான். டிரைமெத்தில் அமீன் அந்த வாசலில் இடிக்கும். இரண்டோடு நிறுத்த வாசலையே சின்னதாக்கிவிட்டார்கள்.

பங்குச் சந்தைப் பக்கம் பார்க்கிறவர்களுக்கு பாலாஜி அமீன்ஸ், அல்கைல் அமீன்ஸ் என்ற பெயர்கள் பழக்கமாக இருக்கும். இரண்டும் மகாராஷ்டிராவில் ஆலை வைத்து இந்தச் சரக்கைத் தயாரிப்பவை. டைமெத்தில் அமீனோடு கார்பன் மோனாக்சைடைச் சேர்த்தால் டைமெத்தில் ஃபார்மமைடு, சுருக்கமாக டி.எம்.எஃப்., கிடைக்கும். மருந்து ஆலைகளில் மிகவும் புழங்கும் கரைப்பான்களில் ஒன்று. சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மினுக்கும் டைமெத்தில் அமீன்தான் மூலப்பொருள். வில்லங்கம் இங்கிருந்துதான் கிளம்புகிறது.

மஞ்சள் எண்ணெய்

அமீன்களை அடையாளம் காண இன்னொரு பாடப்புத்தகச் சோதனை நைட்ரஸ் அமிலச் சோதனை. சோடியம் நைட்ரைட்டையும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையும் சேர்த்து அமீனில் விடுவது. சாதாரண ஓரிணைய அமீன் என்றால் வினை நிற்காமல் கடைசி வரை ஓடி, நைட்ரஜன் வாயுவாகக் குமிழியிட்டு வெளியேறிவிடும். மூவிணைய அமீனில் எழுப்புவதற்கு ஹைட்ரஜனே இல்லை, பெரும்பாலும் உப்பாகக் கரைந்து நிற்கும். ஈரிணைய அமீனில் மட்டும் அந்த ஒற்றை ஹைட்ரஜன் போய், நைட்ரோசோ கூட்டம் வந்து உட்கார்ந்து, அதோடு நின்றுவிடும். "மஞ்சள் நிற எண்ணெய் போன்ற நைட்ரோசமீன் உருவாகும்" என்று விடைத்தாளில் எழுத வேண்டும்.

தயாரிக்கும்போது எவ்வளவு கெஞ்சினாலும் இரண்டோடு நிற்காத நைட்ரஜன், நைட்ரைட்டைப் பார்த்ததும் சொன்னபடி நின்றுவிடுகிறது. நின்ற இடம்தான் மோசமான இடம். டைமெத்தில் அமீனிலிருந்து வரும் நைட்ரோசமீனுக்கு என்.டி.எம்.ஏ. என்று சுருக்கம். 1956-ல் இங்கிலாந்தில் மகீ, பார்ன்ஸ் என்ற இருவர் இதை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது கல்லீரலில் புற்றுக்கட்டிகள் வந்தன. காரணமும் பின்னால் தெரிந்தது. கல்லீரலின் நொதிகள் அந்த மூலக்கூறை உடைக்கும்போது ஒரு மெத்தில் கூட்டம் வேகத்தோடு கிளம்பி டி.என்.ஏ. மேல் போய் ஒட்டிக்கொள்கிறது. ஹாஃப்மன் பாத்திரத்தில் அம்மோனியா மேல் கார்பன் கூட்டத்தை உட்காரவைத்தாரே, கிட்டத்தட்ட அதே வேலை, உயிரணுவுக்குள் நடக்கிறது. டி.என்.ஏ.வின் எழுத்துகள் பிரதி எடுக்கும்போது பிழையாகின்றன.

2018-ல் நடந்தது

வால்சார்டன் என்பது ரத்த அழுத்தத்துக்கான மருந்து. அதுவே ஈரிணைய அமீன் இல்லை. அதன் மூலக்கூறில் நான்கு நைட்ரஜன் கொண்ட ஒரு வளையம் உண்டு. அதைக் கட்ட சோடியம் அசைடு தேவை. சீனாவின் ஜெஜியாங் ஹுவாஹாய் நிறுவனம் உலகின் பல மாத்திரைக் கம்பெனிகளுக்கு இந்த மூலமருந்தை விற்றுவந்தது. 2012-ல் அது தயாரிப்பு முறையை மாற்றியது. புது முறையில் கரைப்பான் டி.எம்.எஃப். வேலை முடிந்ததும் மிச்சமிருக்கும் அசைடு நச்சு மட்டுமில்லை, வெடிக்கவும் கூடியது. அதை அழிப்பதற்கு சோடியம் நைட்ரைட்டும் அமிலமும்.

இப்போது மூன்றையும் சேர்த்துப் பார்க்கலாம். டி.எம்.எஃப். டைமெத்தில் அமீனிலிருந்து செய்யப்படுவது. அதில் டைமெத்தில் அமீன் துளி மிச்சமிருக்கும், சூட்டில் சிதைந்தும் கொஞ்சம் வரும். அந்தப் பாத்திரத்திலேயே நைட்ரைட், அமிலம். பிளஸ் டூ ஆய்வுக்கூடச் சோதனை, பல்லாயிரம் லிட்டர் கலனில், யாரும் எண்ணாமலேயே நடந்துவிட்டது. வழக்கமான தரப் பரிசோதனைகள் இந்தப் பொருளைத் தேடவே இல்லை. தேடாதது அகப்படவும் இல்லை.

2018 ஜூலையில் ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு முதலில் அறிவித்தது. அமெரிக்காவும் மற்ற நாடுகளும் தொடர்ந்தன. கடைகளில் இருந்த வால்சார்டன் திரும்பப் பெறப்பட்டது. ஒரு நாளைக்கு 96 நானோகிராம் என்.டி.எம்.ஏ. வரைதான் உடம்பு ஏற்கலாம் என்று வரம்பு வைத்தார்கள். ஒரு கிராமை 100 கோடி பங்கு போட்டால் ஒரு பங்கு ஒரு நானோகிராம்.

பயம் எவ்வளவு நியாயம்? அமெரிக்க மருந்துத் துறை அப்போது ஒரு கணக்குச் சொன்னது. பாதிக்கப்பட்ட மாத்திரையை அதிகபட்ச அளவில் தினமும் நான்கு வருடம் 8,000 பேர் சாப்பிட்டிருந்தால், அவர்கள் ஆயுளில் கூடுதலாக ஒருவருக்குப் புற்றுநோய் வரலாம். அதே நேரத்தில், மாற்று மருந்து கையில் வரும்வரை மாத்திரையை நிறுத்த வேண்டாம் என்றும் சொன்னது. ரத்த அழுத்த மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் வரும் ஆபத்து அதைவிடப் பெரியது.

கதை அங்கேயும் நிற்கவில்லை. 2019-ல் வயிற்று எரிச்சலுக்கான ரானிடிடின் மாட்டியது. அதில் வெளியிலிருந்து எதுவும் வந்து சேரவில்லை. சூட்டிலும் நாள்பட்டும் அந்த மூலக்கூறே சிதைந்து என்.டி.எம்.ஏ.வைத் தருகிறது. 2020 ஏப்ரலில் அமெரிக்கச் சந்தையிலிருந்து எல்லா ரானிடிடினையும் எடுக்கச் சொன்னார்கள். இந்தியாவில் 2022-ல் வெளியான அத்தியாவசிய மருந்துகள் பட்டியலிலிருந்து ரானிடிடின் நீக்கப்பட்டது. 2020-ல் அமெரிக்காவில் சில கம்பெனிகளின் நீடித்த வெளியீட்டு மெட்ஃபார்மினும் திரும்பப் பெறப்பட்டது.

2022-ல் வந்ததுதான் இந்தக் கட்டுரைக்கு நெருக்கமானது. கனடாவில் நீடித்த வெளியீட்டு ப்ரொப்ரனலால் ஒன்று திரும்பப் பெறப்பட்டது. இம்முறை டைமெத்தில் அமீன் எதுவும் இல்லை. ப்ரொப்ரனலாலே ஈரிணைய அமீன்தானே! மாத்திரையில் மருந்தோடு சேர்க்கும் துணைப் பொருள்களில் துளி நைட்ரைட் இருக்கலாம். அது மருந்தின் அந்த ஒற்றை ஹைட்ரஜனைப் பிடித்துவிட்டால் மருந்தே நைட்ரோசமீன் ஆகிறது. அவ்வளவு சிரமப்பட்டு இரண்டோடு நிறுத்தி மிச்சம் வைத்த ஹைட்ரஜன்தான் கதவைத் திறந்துவிடுகிறது. இதற்கு அமெரிக்க மருந்துத் துறை 2021-ல் சொன்ன யோசனைகளில் ஒன்று, மாத்திரையில் வைட்டமின் சி போன்ற ஆக்சிஜனேற்றத் தடுப்பானைச் சேர்ப்பது. நைட்ரைட் மருந்தைத் தேடிப் போகும் முன் வைட்டமின் அதைப் பிடித்துக்கொள்ளும்.

செலவுத் தாளில் இல்லாத வரி

முறையை மாற்றினால் விளைச்சல் கூடும், செலவு குறையும் என்பது எல்லாத் தொழிலிலும் உள்ள கணக்கு. செர்ட்ராலினில் கரைப்பானை மாற்றியவர்களும் அதைத்தான் செய்தார்கள், வால்சார்டனில் கரைப்பானை மாற்றியவர்களும் அதைத்தான் செய்தார்கள். ஒருவருக்கு விருது, இன்னொருவருக்கு உலகம் முழுக்கத் திரும்பி வந்த சரக்கு. இருவரின் செலவுத் தாளிலும் மூலப்பொருள், கரைப்பான், கூலி, மின்சாரம் என்று வரிகள் இருந்திருக்கும். "பாத்திரத்தில் மிச்சமிருப்பது எது, அது அடுத்து எதைச் சந்திக்கும்?" என்ற வரியை எந்த அக்கவுண்டன்டும் போடுவதில்லை. அதைப் போட வேண்டியவர் வேதியியல் தெரிந்தவர். அவருக்கு அதற்கான நேரத்தையும் பணத்தையும் ஒதுக்க வேண்டியவர் கணக்குத் தெரிந்தவர்.

ஈரிணைய அமீன் நைட்ரஸ் அமிலத்தோடு சேர்ந்தால் மஞ்சள் எண்ணெய் என்பது பள்ளிக்கூடப் பாடம். அதைப் பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கியவர்கள் எல்லா நாட்டிலும், எல்லா மருந்து ஆலையிலும், எல்லாக் கட்டுப்பாட்டு அலுவலகத்திலும் இருந்தார்கள். ஆனாலும் 2012-லிருந்து 2018 வரை ஆறு வருடம் அந்த ஒரு வரி யாருக்கும் சரியான நேரத்தில் ஞாபகம் வரவில்லை. அதுவரை அந்த மாத்திரையைப் பல நாடுகளில் மக்கள் காலையில் காபிக்கு முன்னால் நம்பிக்கையோடு விழுங்கிக்கொண்டிருந்தார்கள்.